இருவர் பெயரில் ஒரு வீடு

மார்ச் 2

அன்புள்ள பஞ்சு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் பிரித்துக் கேட்கிறேன். முதுகுவலி எப்படி, பிரஷர் எவ்வளவு, மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

வீட்டு விஷயத்தை இனிமேல் போனில் பேச வேண்டாம். நான் பத்து வார்த்தை பேசினால் நீ ஒரு ‘ம்’ கொட்டுகிறாய். பக்கத்தில் பிள்ளையோ மருமகளோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அந்த ‘ம்’மிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, நீ பிள்ளையிடம் போகும்வரை இருபத்தாறு வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா? கடிதம் என்றால் குளியலறைக்குள் கொண்டுபோயாவது படித்துக்கொள்ளலாம்.

வீட்டை விற்க இப்போது இரண்டு வழி வந்திருக்கிறது. முதல் வழி ஒரு ரொக்கக்காரர். பழைய வீடுகளை வாங்கி இடித்துக் கட்டுகிறவராம். ஏழே நிமிஷத்தில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டார். சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “இருக்கிறபடியே எடுத்துக்கறேம்மா. நீங்க வெள்ளையடிக்க வேண்டாம், ஒழுகறதை அடைக்க வேண்டாம். பேங்க், கீங்க் ஒண்ணும் கிடையாது. பதினஞ்சு நாள்ல மொத்தப் பணமும் கையில” என்றார். அவர் சொன்ன விலை, எதிர்வீடு போன விலையில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை.

இரண்டாவது வழி தரகு அம்மா. வெள்ளையடித்து, விளம்பரம் கொடுத்து, நாலு பேர் வந்து பார்த்து, வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் கிடைத்து, அப்புறம் பத்திரம். மூன்று மாதமாவது ஆகும், நாலும் ஆகலாம். ஆனால் நியாயமான விலை கிடைக்கும் என்கிறாள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெருவிலிருந்து நம் வாசலுக்கு இருபத்திரண்டு படி. என் முழங்கால் இரண்டும் சேர்ந்து கைவிரித்துவிட்டன. போன மாதம் முழுக்க நான் தெருவில் இறங்கியது மூன்றே தடவை. பால் பையை வாளியில் போட்டுக் கயிற்றால் இழுத்துக்கொள்கிறேன், தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. நம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் லேப் டெக்னீஷியன் ஒருவர் இருந்தாரே, எப்போதும் விசில் அடிப்பவர், அவர் தன் ஒற்றை அறை வீட்டை விற்கிறார். தரைத்தளம். படி என்று ஒன்றுகூடக் கிடையாது. ஜூன் வரைக்கும் எனக்காக நிறுத்திவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நியாயமான விலைக்கு வீடு போனால் என் பாதியில் அதை வாங்கிவிடலாம். ரொக்கக்காரருக்குக் கொடுத்தால் வாங்க முடியாது. அதை மட்டுமல்ல, வேறு எந்த வீட்டையும் வாங்க முடியாது. வாடகைக்குப் போகலாம் என்றால், நமக்குப் பென்ஷனா கின்ஷனா? அறுபத்தெட்டு வயதுக்காரி தனியாக வந்து நின்றால், வீட்டுக்காரர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழங்காலைப் பார்க்கிறார்கள்.

பாதி உன்னுடையது. நீ என்ன சொல்கிறாய் என்று எழுது. பிள்ளை என்ன சொல்கிறான் என்று எழுதாதே, நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

உன்
கத்திரி


மார்ச் 9

அன்புள்ள கத்திரிக்கு,

முதுகுவலி அப்படியே இருக்கிறது. பிரஷர் நூற்றைம்பது. மாத்திரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறந்துவிட்டது. போதுமா, சிஸ்டர்? ஆபரேஷன் தியேட்டரில் புதிதாக வந்த டாக்டர்களை மிரட்டின மாதிரியே இன்னும் என்னை மிரட்டிக்கொண்டிரு.

உன் கடிதத்தைக் குளியலறையில் படிக்கவில்லை. பேத்திகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்து படித்தேன். இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் பேர், ஒன்று மேற்கே இழுத்தால் மற்றது கிழக்கே இழுக்கிறது. உன்னிடம் ஒரு வாரம் விட்டால் இரண்டும் வரிசையில் நிற்கும்.

முழங்காலைப் பற்றிப் படித்ததும் அழுதுவிட்டேன். நான் இருந்தால் உன்னை வாளி இழுக்க விட்டிருப்பேனா? நீ சொல்வதுதான் நியாயம். உனக்கு அந்தத் தரைத்தள வீடு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லவே இல்லை.

ஆனால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை வேலை செய்யும் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பட்டறையை அவன் முதலாளி விற்கிறார். வயதாகிவிட்டதாம். இவனும் ஒன்பது வருஷமாக அங்கேதான் கிடக்கிறான், அங்கே வருகிற வேலையில் முக்கால்வாசி இவன் கையில்தான் நடக்கிறது. இன்னொருவரும் கேட்கிறாராம். ஏப்ரல் முடிவதற்குள் யார் பணத்தோடு வருகிறார்களோ அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார். என் பாதிக்கு நான்தான் இங்கே வரும்போதே எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடப் பிள்ளை பேரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டேனே, அவன் அந்தப் பணத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ரொக்கக்காரர் அவனுக்கும் போன் செய்திருக்கிறார் போலிருக்கிறது.

“பெரியம்மாவை நடுத்தெருவுல விட்டுடுவேனாம்மா? எனக்கு ஒண்ணு நல்லபடியா அமைஞ்சா அவங்களுக்கும் நான்தானே பார்ப்பேன்” என்று சொல்கிறான். அவன் மனசு உனக்குத் தெரியும்.

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ தரகு அம்மாவிடமே போ. ஏப்ரல் கடைசி வரைக்கும் நான் அவனைச் சமாளிக்கிறேன். அதற்குள் நல்ல இடம் வந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

உன் அன்பு
பஞ்சு


மார்ச் 17

அன்புள்ள பஞ்சு,

‘சமாளிக்கிறேன்’ என்று எழுதியிருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்தது. வார்டில் ஒரு நோயாளியின் மச்சான் குரலை உயர்த்தினால்கூட நீ என்னைத்தானே கூப்பிட்டு அனுப்புவாய். ஆனாலும் எழுதினாயே, அதுவே எனக்கு ஒரு தெம்பு.

இங்கே வீடு சந்தைக்கடையாகிவிட்டது. பத்து நாளில் பதினொரு பேர் வந்து பார்த்துவிட்டார்கள். ஒரு ஆள் கழிப்பறையில் மூன்று தடவை தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்தார், மூன்று தடவையும் ஆழ்ந்து யோசித்தார். ஒரு அம்மாள் என் அலமாரியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த என் உள்பாவாடைகளைப் பார்த்து, “நல்ல ஆழமா இருக்கே” என்றாள். ஒரு குழந்தை உன் கட்டிலில் ஏறிக் குதித்தது. அதைமட்டும் நான் இறக்கிவிட்டேன்.

தரகு அம்மாவுக்கு என்மேல் கடுப்பு. “ஆள் வர்றப்போ நீங்க பக்கத்து வீட்டுல போய் உக்காந்துக்குங்கம்மா. கூரை எங்க ஒழுகுதுன்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க காட்டறீங்க” என்கிறாள். பக்கத்து வீட்டுக்குப் போக நாற்பத்து நாலு படி ஏறி இறங்க வேண்டும் என்றேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டாள்.

நல்ல சேதி ஒன்று. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வாத்தியார்கள். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண், “இந்த ஜன்னல் கிட்ட மேசை போட்டா பேப்பர் திருத்தலாம்” என்றாள். இதுவரைக்கும் வந்தவர்களில் வீட்டில் இருந்து வாழ நினைத்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். கேட்ட விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். வங்கிக் கடன் போட்டிருக்கிறார்கள்.

அதில்தான் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. வங்கி இஞ்சினியர் வந்து அளந்து பார்த்துவிட்டு, பின்பக்கத்து அறை பிளானில் இல்லை என்கிறார். பிள்ளை பத்தாவது படிக்கும்போது அவன் தனியாக உட்கார்ந்து படிக்கட்டும் என்று நாம் இழுத்துக் கட்டினோமே, அதுதான். நகராட்சியில் பணம் கட்டி அதை முறைப்படுத்தினால்தான் கடன் என்கிறார். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரம் என்கிறார்கள். எந்த மூன்று வாரம் என்று கேட்டால் பதில் இல்லை.

பிள்ளையிடம் சொல், கொஞ்சம் பொறுத்தால் அவனுக்கும் அதிகமாகத்தான் வரும் என்று.

உன்
கத்திரி


மார்ச் 27

அன்புள்ள கத்திரிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. பிள்ளை வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறான். மருமகள் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, பாவம் அவளும் ராப்பகலாகப் பில் போடும் கவுண்டரில் நின்று உழைக்கிறாள். ஆனால் பேத்திகளிடம், “பாட்டிக்கு நம்ம கஷ்டம் புரியாது” என்று என் காதில் விழுகிற மாதிரிச் சொல்கிறாள். பட்டறைக்கு அந்த இன்னொரு ஆள் இரண்டு தடவை வந்து மெஷின்களையெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நீ நினைத்தால்... இல்லை, அதை நான் கேட்கக்கூடாது. எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

அவனிடம் நீ சொன்னபடியே சொன்னேன். “நகராட்சியில மூணு வாரம்னா மூணு மாசம்மா” என்றான். நான் பேத்திகளுக்குச் சோறு பிசையப் போய்விட்டேன். நேற்று அவனே வந்து கொஞ்சம் சாந்தமாகப் பேசினான். வீட்டுப் பத்திர நகல் ஒன்று வேண்டும், பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்றான். பேசினானே என்ற சந்தோஷத்தில் என் தகரப் பெட்டியை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். இன்று காலையில் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? யார் கொடுக்கிறார்கள்?

உன் அன்பு
பஞ்சு


ஏப்ரல் 1

பஞ்சு,

நகராட்சியில் சொன்ன நாளுக்கு முன்னாலேயே கையெழுத்தாகிவிட்டது. காகிதத்தை வாளியில் போடச் சொல்லிக் கயிற்றால் இழுத்து வாங்கிக்கொண்டேன், ஊழியர் படியேற மாட்டேன் என்றுவிட்டார். வாத்தியார் தம்பதிக்குக் கடன் உறுதி. மே கடைசிக்குள் பத்திரம் என்று தரகு அம்மா சொல்கிறாள். லேப் டெக்னீஷியனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், அவர் போனிலேயே விசில் அடித்தார்.

இந்தச் சந்தோஷத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அடிப்பாவி, தகரப் பெட்டியைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

வீடு வாங்கின புதிதில் உனக்குப் பகல் ஷிப்ட், எனக்கு ராத்திரி ஷிப்ட். அப்புறம் மாறி வரும். ஒருத்தி வேலையில் இருப்பாள், ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். வரி, தண்ணீர் இணைப்பு, மீட்டர் என்று எதற்குப் போனாலும் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். தூங்குகிறவளை எழுப்ப வேண்டாம் என்று, வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு, நீ எனக்குக் கொஞ்சம் கொடுத்தாய், நான் உனக்குக் கொஞ்சம் கொடுத்தேன். தீரத் தீரப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். யாராவது கேட்டால் பைத்தியக்காரிகள் என்பார்கள் என்று வெளியில் சொன்னதே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தாள்கூட வேறு எதற்கும் போகவில்லை.

நான் போட்டுக் கொடுத்ததில் ஆறு தாள் உன் பெட்டியில் மிச்சம் இருக்க வேண்டும், சிவப்பு உறையில். நீ ஊருக்குக் கிளம்பின அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. ஆபரேஷன் முடிந்து வயிற்றை மூடுவதற்கு முன்னால் கத்திரியையும் பஞ்சையும் நாலு தடவை எண்ணுகிறவள் நான், இதை எண்ணாமல் விட்டேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷமே பெட்டியைத் திற. ஆறையும் எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்கு எழுது. பிள்ளையைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. ஆமாம், சந்தேகப்படுகிறேன். என்னை மன்னித்துவிடு.

கத்திரி


ஏப்ரல் 8

கத்திரி,

ஐந்துதான் இருந்தது.

உன் கடிதம் வந்ததும், அவன் திருப்பி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். மறுபடி மறுபடி எண்ணினேன், கட்டிலுக்கடியில் தேடினேன், பத்திரத்தின் மடிப்புக்குள் பார்த்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை.

“பெரியம்மா போட்ட கையெழுத்துதானேம்மா. நான் ஒண்ணும் கையெழுத்துப் போடலியே” என்றான். மேலே இருந்த இடத்தில், உன் பாதியை ரொக்கக்காரர் சொன்ன விலைக்கே விற்கச் சம்மதம் என்று நீ எழுதிக் கொடுத்த மாதிரி எழுதியிருக்கிறான். அதைக் காட்டி, நான் கொடுத்த பவரையும் காட்டி, ரொக்கக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டான். அந்தப் பணம் அன்றைக்கே முதலாளி கைக்குப் போய்விட்டது. பட்டறைச் சாவி இவன் கையில். திருப்பித் தர இப்போது அவனிடம் ஒன்றும் இல்லை.

“ஏண்டா இப்படிச் செஞ்சே” என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் பேசிப் பேசியே என் காலத்தை முடிச்சுடுவீங்க” என்று கத்தினான். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை. நான் அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் ஒன்றும் செய்யவில்லை. பேத்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரொக்கக்காரர் அந்தத் தாளோடு உன்னிடம் வருவார். அது பொய் என்று நீ சொல்லிவிட்டால் வீடு தப்பிக்கும். உனக்கு அந்தத் தரைத்தள வீடு கிடைக்கும். அதைச் சொல்ல உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அதைச் சொன்னால் இவன் என்ன ஆவான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

மீதி ஐந்தையும் கிழித்துவிட்டேன்.

பஞ்சு


ஏப்ரல் 13

பஞ்சு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. ரொக்கக்காரர் நேற்று மத்தியானம் வந்தார். வருவதற்கு முன்னால் விஷயம் தெரிந்ததற்கு உனக்கு நன்றி. தெரியாமல் அந்தத் தாளைப் பார்த்திருந்தால் என் வாயிலிருந்து உண்மை வந்திருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தாளை மேசையில் வைத்தார். “இதுக்கு நடுவுல வாத்தியார் ஒருத்தருக்கும் பேசியிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன். இது உங்க கையெழுத்துதானேம்மா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு யார் மேலயும் பகை இல்ல. ஆனா பொய்ப் பேப்பர் குடுத்து என் பணத்தை வாங்கியிருந்தா விடமாட்டேன், போலீசுக்குப் போவேன்” என்றார்.

தாளைக் கையில் எடுத்தேன். கீழே என் கையெழுத்து. மேலே அவன் எழுத்து. சின்ன வயதில் அவன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் என் மடியில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதின அதே சாய்வு, மாறவே இல்லை. ‘முழு மனதோடு’ என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறான்.

“என் கையெழுத்துதான்” என்றேன்.

“அப்ப சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்திரண்டு படியும் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. அதுவரைக்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் கூப்பிடவில்லை.

வாத்தியார் தம்பதிக்கு வீடு இல்லை என்று தரகு அம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பெண் எனக்குப் போன் செய்து, “நாங்க ஏதாவது தப்பாப் பேசிட்டோமாம்மா?” என்று கேட்டாள். லேப் டெக்னீஷியனிடம் நானே சொன்னேன்.

என்னை மகாத்மா என்று நினைத்துவிடாதே. எனக்கு வயிறு எரிகிறது. அவனைத் தூக்கி வளர்த்த கையால் இரண்டு அறை விட வேண்டும் போலிருக்கிறது. நீ போட்டுக் கொடுத்த தாள் நாலு என்னிடமும் இருந்தது. ‘என் மகனுக்குக் கொடுத்த பவரை ரத்து செய்கிறேன்’ என்று அதில் ஒன்றில் எழுதப் பேனாவை எடுத்தேன். தேதிகூடப் போட்டேன். அப்புறம் நாலையும் அடுப்பில் போட்டுவிட்டேன். நான் அவனைப் போல ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

மே நாலாம் தேதி பத்திரப் பதிவு. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ வர வேண்டும். உன் பாதிக்கு அவனை அனுப்பாதே, நீயே வந்து கையெழுத்துப் போடு. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கின வீட்டை இரண்டு பேரும் சேர்ந்து கொடுப்போம். படியிறங்க எனக்கு ஒரு தோள் வேண்டும். அது அவன் தோளாக இருக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வா.

கத்திரி


ஏப்ரல் 20

அன்புள்ள கத்திரிக்கு,

நீ சொன்ன பதிலைப் படித்துவிட்டு அந்த சிமெண்ட் பெஞ்சிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடக் காவலாளி வந்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். உனக்கு நான் எந்த ஜன்மத்தில் என்ன செய்து தீர்ப்பேன்?

நீ கேட்காவிட்டாலும் பணத்தைப் பற்றி நான் கேட்டேன். என் பாதியிலிருந்து, உனக்குக் குறைகிறதை எடுத்துக் கொடுத்துவிடும்படி அவனிடம் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன், மருமகள் இருக்கும்போதே சொன்னேன். “மெஷினுக்கெல்லாம் ஆர்டர் குடுத்தாச்சும்மா. ஒரு வருஷம் போகட்டும், பெரியம்மாவுக்கு மாசா மாசம் அனுப்பறேன்” என்றான். மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

மே நாலாம் தேதி பற்றி. இரட்டைப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை ஆரம்பம். மருமகளுக்கு லீவு கிடைக்காது. பதினாறு மணி நேர ரயில், என் முதுகோடு. “அதான் பவர் இருக்கே, நீ எதுக்கு அலையணும்” என்கிறான் அவன். நான் வருவதில் அவனுக்கு இஷ்டமில்லை என்று தெரிகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறான். டிக்கெட் எடுக்க வேண்டும் என்றாலும் நான் அவனிடம்தானே கேட்க வேண்டும்? என் கையில் என்ன இருக்கிறது, சொல்.

ஒன்று தோன்றுகிறது. நீ இங்கே வந்துவிடேன். நான் படுக்கிற அறையில் ஜன்னல் பக்கம் இன்னொரு கட்டில் போடலாம். நாம் மறுபடி சேர்ந்து இருக்கலாம். நீ இரட்டையரை மிரட்டு, நான் கொஞ்சுகிறேன். இதை இன்னும் அவர்களிடம் கேட்கவில்லை. நல்ல நேரம் பார்த்துக் கேட்கிறேன். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

என்மேல் கோபப்படு, திட்டு. ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அன்பு
பஞ்சு


மே 6

பஞ்சு,

பதிவு முடிந்தது. பதினொரு மணிக்கு வரச்சொல்லி, மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பெருவிரலில் மை ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை.

பிள்ளை முந்தைய நாளே வந்துவிட்டான். பாத்திரம், பண்டம் எல்லாவற்றையும் அவனே கட்டினான், குறை சொல்ல முடியாது. உன் கட்டிலைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தேன். மற்றதைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். எனக்கு என்று இரண்டு பை. படியிறங்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன், வேறு வழி இல்லை. நடுவில் ஐந்து தடவை நின்றேன். ஐந்து தடவையும் அவனும் என்னோடு நின்றான். கடைசிப் படியில் “பெரியம்மா” என்றான். பையைப் பார்த்து எடு என்றேன்.

பதிவு ஆபீசில் உன் பெயருக்கு எதிரில் அவன் கையெழுத்துப் போட்டான். அந்த அதிகாரி என்னைப் பார்த்து, “இன்னொரு ஓனர் வரலியா?” என்று கேட்டார். “அவங்களுக்கு உடம்பு சரியில்ல” என்றேன். உனக்காக நான் சொன்ன பொய்களில் இது சின்னதுதான்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவன் தாளை எடுத்ததை நான் தாங்கிக்கொண்டேன். அவன் இளசு, ஆசைப்பட்டான், பயந்தான், எடுத்தான். நாமும் அப்படித்தானே அவனை வளர்த்தோம், கேட்டதெல்லாம் கொடுத்து. நீ வராததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன்னால் வர முடியாது என்பது எனக்குத் தெரியும். உன் மகன், உன் மருமகள், உன் முதுகு, எல்லாம் தெரியும். நீ எழுதின ஒவ்வொரு காரணமும் உண்மை. அப்படியும் நாலாம் தேதி காலையில் ரயில் வருகிற நேரத்துக்கு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு ஆபீசில் யாராவது கதவைத் திறந்தால் திரும்பிப் பார்த்தேன். மூன்று மணி வரைக்கும் பார்த்தேன்.

கட்டிலைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டாம். நீ கேட்டிருக்க மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். இனி அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், “எங்க கொண்டுபோய் விடணும், பெரியம்மா?” என்று கேட்டான். பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடு, அங்கே ஆள் வருவார்கள் என்றேன். யாரும் வருவதாக இல்லை. அவன் வாடகைக்கு எடுத்திருந்த காரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். அவனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டான். அப்புறம்தான் நான் ஆட்டோ பிடித்தேன்.

தங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இருக்கலாம். கவலைப்படாதே. பழைய போன் நம்பரை இன்றோடு நிறுத்திவிட்டேன். உறையின் பின்பக்கம் அனுப்புகிறவர் விலாசம் எழுதவில்லை என்று பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை. விலாசத்தைச் சொன்னால் நீ எழுதுவாய். வருகிறேன் என்று எழுதுவாய், மனசார எழுதுவாய். நானும் நம்பிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இன்னொரு தடவை என்னால் அது முடியாது, பஞ்சு.

மாத்திரையை ஞாயிற்றுக்கிழமையும் போடு.

கத்திரி